பத்தாயிரத்துக்குள் பழைய லேப்டாப்: ஐ3-5005யூவா, ஏ8-7410-ஆ?

மாவுருண்டை | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். நானும் மாமியாரும், உதவிக்கு இரண்டு பேர். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கை முறுக்கு. பாதிக்கு மேல் சென்னைக்கும் கோவைக்கும் கூரியரில் போகிறது. இதுவரை கணக்கு எழுதி வந்த லேப்டாப்பை மகன் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு இப்போது ஒன்று வேண்டும். கையில் இருப்பது பத்தாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.

நம்மூரில் ஒரு பழைய லேப்டாப் கடையில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: இன்டெல் கோர் ஐ3-5005யூ, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விலை 9,000. பேட்டரி சுத்தமாக நிற்கவில்லை.

இன்னொன்று: ஏஎம்டி ஏ8-7410, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. விலை 8,000. பேட்டரி ஒரு மணி நேரம் வரும் என்கிறார்.

வேலை என்னவென்றால், எக்ஸெல்லில் நாலு வருஷத்து ஆர்டர் பட்டியல் ஒரே பைலில் இருக்கிறது, பதினெட்டாயிரம் வரி. அது போக வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி தளம், பாக்கெட்டுக்கு லேபிள் அச்சடிப்பது. சாயங்காலம் மாமியாருக்கு யூடியூபில் சொற்பொழிவு. விளையாட்டெல்லாம் கிடையாது.

கடைக்காரர் சொன்னது: "எட்டு பெரிதா, மூன்று பெரிதா? இதில் நாலு கோர், அதில் இரண்டுதான். நீங்களே சொல்லுங்கள்." எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

---

திண்ணைப்பேச்சு | சனி, இரவு 9.52

8 > 3. விலையும் குறைவு. இதற்கு ஒரு இழை வேறா சார்?

---

மாவுருண்டை | சனி, இரவு 9.55

சார் இல்லை தம்பி, ஆச்சி.

---

கோட்டையூரான் | சனி, இரவு 10.20

ஆச்சி, யோசிக்காமல் ஏ8-ஐ எடுங்கள். 2016-இலிருந்து அதே பிராசஸர்தான் என்னிடம் ஓடுகிறது. கோர் என்றால் பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி; இதில் நாலும் நிஜமான கோர். ஐ3-யில் இருப்பது இரண்டு கோர்தான், ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணி நாலு திரெட் என்று காட்டுவார்கள். வேகமும் பாருங்கள்: ஏ8 அடிப்படையில் 2.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 2.5 வரை ஏறும். ஐ3-5005யூ 2.0-வில் நிற்கும், அதில் டர்போவே கிடையாது. பிளேஸ்டேஷன் 4-இல் ஜாகுவார் என்று ஒரு கோர் போட்டார்களே, அதற்கு அடுத்துப் பிறந்த தம்பிதான் இதில் இருக்கும் பூமா பிளஸ். வீணான சரக்கு இல்லை.

அதோடு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாதிரி சுழலாத, வேகமான டிஸ்க்), 8 ஜிபி ரேம் இரண்டும் கூடவே வருகிறது. ஆயிரம் ரூபாயும் மிச்சம். இதில் என்ன கேள்வி இருக்கிறது?

---

ஒற்றைவாணலி | சனி, இரவு 11.35

கோட்டையூர் அண்ணன் சொன்ன எண் எல்லாம் சரி. எண்ணிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் சரியில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி, உங்கள் அடுப்படியையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாணலியில் தேன்குழல் வேகிறது. அந்த வாணலிக்கு முன்னால் ஒரு ஆள்தான் நிற்க முடியும். பின்னால் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அந்த ஈடு சீக்கிரம் வெந்துவிடாது. நாலு வாணலி ஏற்றினால்தான் நாலு பேருக்கும் வேலை. கணினியில் நாம் நாள் முழுக்கச் செய்வதில் பெரும்பகுதி ஒரு வாணலி வேலைதான். ஒரு பைலைத் திறப்பது, வரிசைப்படுத்துவது, ஒரு பக்கத்தை அழுத்தியதும் அது விரிவது என்று எதிலும் ஒரு கோர் முன்னால் நிற்கும், மற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். அதனால் எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் கை எவ்வளவு வேகம் என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கை விஷயத்தில் ஐ3 நன்றாகவே முன்னால் இருக்கிறது. கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது அதில் வராது. ஏ8-7410-இன் பூமா பிளஸ் கோர், விலை குறைந்த சின்னக் கருவிகளுக்காகவே வடித்த சிறு கோர். ஐ3-5005யூவில் இருப்பது பிராட்வெல், அதாவது அதே தலைமுறை ஐ5, ஐ7 லேப்டாப்களில் இருந்த அதே கோர். டர்போவைப் பிடுங்கி, வேகத்தைக் குறைத்து ஐ3 என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க: ஐ5-5200யூ 2.2-இலிருந்து 2.7 வரை போகும், கோர் அதிலும் இரண்டுதான்.

இரண்டு சில்லும் 2015-இல் வந்தவை. சில்லைச் செதுக்கிய நுணுக்கம் ஐ3-க்கு 14 நானோமீட்டர், ஏ8-க்கு 28 நானோமீட்டர்; எண் சின்னதானால் நுணுக்கம் கூடுதல். ஐ3-யில் 3 எம்பி கேஷ் (பிராசஸர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் சின்ன நினைவகம்), ஏ8-இல் 2 எம்பி. மின்சாரம் இரண்டுக்கும் 15 வாட் கணக்கு. ஏ8-ஐ லேப்டாப் செய்கிறவர் 12-இலிருந்து 25 வரை தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாஸ்மார்க் மாதிரி வேகச் சோதனைகளில் எல்லாக் கோரையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு கோரை மட்டும் ஓடவிட்டால் ஏ8 பின்தங்கிவிடும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

"எட்டு பெரிதா, மூன்று பெரிதா" என்று கேட்டவருக்கு: அந்த 8 ஏஎம்டி வீட்டு எண், இந்த 3 இன்டெல் வீட்டு எண். ஒரு தெருவின் கதவு எண்ணை அடுத்த தெருவோடு ஒப்பிட முடியாது. ஏஎம்டிக்குள்ளேயே ஏ8-8600பி என்று ஒன்று உண்டு. அதுவும் ஏ8, அதுவும் 2015. ஆனால் அதில் இருப்பது பெரிய கோர். அதன் பெயர் கரிசோ, நம்முடையதன் பெயர் கரிசோ-எல். ஒரு எழுத்தில் ஜாதகமே மாறிவிடுகிறது.

---

கோட்டையூரான் | ஞாயிறு, காலை 6.50

தம்பி நன்றாக எழுதுகிறீர்கள், வாணலி உதாரணம் பிரமாதம். ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள்.

ஒன்று, எக்ஸெல் பார்முலாக் கணக்கை எல்லாக் கோருக்கும் பிரித்துக் கொடுக்கும். 2007 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. இரண்டு, 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? இன்டெல்லைத்தான் அது பிடித்தது, ஏஎம்டியைப் பிடிக்கவில்லை. அதை அடைக்கப் போட்ட ஒட்டால் இன்டெல்லின் வேகம் கொஞ்சம் குறைந்தது. நீங்கள் பார்த்த மதிப்பெண் ஒட்டுக்கு முன்னாலா பின்னாலா?

மூன்றாவதுதான் முக்கியம். ஆச்சி வாங்கப்போவது பிராசஸரை இல்லை, லேப்டாப்பை. ஹார்ட் டிஸ்க் போட்ட ஐ3-யும் எஸ்எஸ்டி போட்ட ஏ8-ம் பக்கத்தில் வைத்தால் எது முதலில் திறக்கும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

---

ஒற்றைவாணலி | ஞாயிறு, காலை 8.15

நெஞ்சில் கை வைத்தே சொல்கிறேன், ஏ8-தான் முதலில் திறக்கும். அதில் சண்டை இல்லை.

எக்ஸெல் விஷயமும் உண்மை. பார்முலாவை மறுபடி கணக்கிடும்போது நாலு கோரும் இறங்கும். ஆனால் பைல் திறப்பதும் வரிசைப்படுத்துவதும் அந்த அளவுக்குப் பிரிவதில்லை. மெல்ட்டவுன் ஒட்டால் ஐ3 கொஞ்சம் இழந்தது, ஆனால் இந்த இடைவெளி மூடும் அளவுக்கு இழக்கவில்லை. அப்புறம், ஸ்பெக்டர் என்ற இரட்டைப் பிள்ளையும் அப்போதே வந்தது. அது ஏஎம்டியையும் விடவில்லை.

என் வாதம் இவ்வளவுதான். எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டலாம், ரேமைக் கழற்றி மாட்டலாம். பிராசஸர் இரண்டிலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. நாளைக்கு மாற்ற முடியாத ஒன்று அதுதான்.

---

சிங்கைப்பள்ளத்தூரான் | ஞாயிறு, காலை 10.05

ஆச்சி, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டுமே வேண்டாம். இரண்டிலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஒத்துக்கொள்வார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐ5-8250யூ போட்ட பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்றை எடுங்கள். நாலு கோர், எட்டு திரெட். ஐந்து வருஷம் கவலை இல்லை.

---

மாவுருண்டை | ஞாயிறு, மதியம் 2.30

தம்பி சொல்வது புரிகிறது. அந்த "இன்னும் கொஞ்சம்" தான் இல்லை. பங்குனி முகூர்த்தத்துக்கு நெய்யும் பருப்பும் வாங்கவே கை கடிக்கிறது. இரண்டு வருஷம் ஓடினால் போதும். அதற்குள் பையன் படிப்பு முடிந்து பழைய லேப்டாப் திரும்பி வந்துவிடும், அவன் உடைக்காமல் வைத்திருந்தால்.

அந்த விண்டோஸ் 10 சமாச்சாரம் மட்டும் பயமாக இருக்கிறது. பாங்கு வேலையும் அதில்தான் பார்க்கிறேன்.

---

ஒற்றைவாணலி | ஞாயிறு, மதியம் 3.10

பயம் நியாயம்தான். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், இரண்டிலும் ஓடும், காசும் இல்லை, பாதுகாப்பு ஒட்டும் தொடர்ந்து வரும். வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி, பாங்கு எல்லாம் பிரவுசர் வேலை, அதற்கு எந்த ஜன்னலாக இருந்தால் என்ன. எக்ஸெல்லுக்குப் பதில் லிபர்ஆபீஸ். ஆனால் உங்கள் லேபிள் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதைப் பார்க்காமல் மாற்றாதீர்கள், முகூர்த்த நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இப்போதைக்கு ஒரு வழி: பாங்கு வேலையை மட்டும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

தேவகோட்டைஸ்க்ரூ | ஞாயிறு, இரவு 10.45

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். தேவகோட்டையில் பன்னிரண்டு வருஷமாக லேப்டாப் கழற்றி மாட்டுகிறேன். நீங்கள் எல்லோரும் பிராசஸரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆச்சி "பலகாரம்" என்று எழுதிய வரியில்தான் எனக்குக் கண் நின்றது.

போன வருஷம் ஒரு பலகாரக் கடையிலிருந்து லேப்டாப் வந்தது. "ரொம்ப ஸ்லோ, பிராசஸர் போய்விட்டது போல" என்று கொண்டுவந்தார்கள். அதே ஐ3-5005யூ. பின்மூடியைக் கழற்றினேன். விசிறிக்குப் பக்கத்தில், பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் ஹீட் சிங்கின் செதில்கள் இருக்கும், சீப்புப் பல் மாதிரி மெல்லிசாக. ஒரு செதில்கூடக் கண்ணில் படவில்லை. மாவுத் தூசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து, கம்பளித் துணி வெட்டி ஒட்டியது போல ஒரு படலம். நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வந்தது. மோந்து பார்த்தால் முறுக்கு வாசனை. நிஜமாகச் சொல்கிறேன். பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்து வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. காற்று போக வழி இல்லாவிட்டால் எந்தப் பிராசஸரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 2.0 கிகாஹெர்ட்ஸ் என்று பெயர், ஓடுவது அதில் பாதி. ஐ3 என்றாலும் ஏ8 என்றாலும் இதே கதிதான்.

துடைத்து, புது பேஸ்ட் வைத்துக் கொடுத்தேன். கூலி 400. "புதுசு மாதிரி இருக்கிறது" என்றார்கள். வேறு எதையும் மாற்றவில்லை.

அதனால் ஆச்சி, எதை வாங்கினாலும் அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முகப்பிலேயோ வளவிலேயோ ஒரு மேசை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருக்கிறது என்று தரையில் வைத்து வேலை பார்க்கிறவர்களும் உண்டு. கல் சில்லென்றுதான் இருக்கும், ஆனால் அடிப்பக்கக் காற்றுத் துளை தரையோடு ஒட்டி அடைந்துவிடும். மெத்தைமேல் வைப்பதும் அதே தப்பு. அடியில் இரண்டு பென்சில் குறுக்கே வைத்தாலே போதும், காற்றுக்கு வழி கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் எக்ஸெல் பைலைப் பென் டிரைவில் எடுத்துப்போங்கள். கடைக்காரர் காட்டும் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, உங்கள் வேலையை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கீலை நாலு தடவை திறந்து மூடுங்கள். கிறீச்சென்றாலோ, ஒரு பக்கம் மட்டும் தூக்கினாலோ பின்னால் பிளாஸ்டிக் விட்டுவிட்டது என்று அர்த்தம். எல்லாச் சாவியையும் ஒரு முறை தட்டுங்கள். விசிறி வரும் துளையில் கை வைத்துப் பாருங்கள், காற்று சூடாக வர வேண்டும். காற்றே வராமல் லேப்டாப் மட்டும் சுட்டால் அது அடைந்திருக்கிறது.

ரேம் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இரண்டுக்குமே வேண்டியது டிடிஆர்3எல், 1.35 வோல்ட். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐ யாராவது மலிவாகத் தலையில் கட்டுவார்கள். ஐ3-யில் அதைப் போட்டால் திரையே வராது. ரேமின் மேல் பிசி3எல் என்று அந்த "எல்" இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

---

மாவுருண்டை | திங்கள், இரவு 8.20

இன்று மதியம் போய்வந்தேன். பென் டிரைவோடு.

கோட்டையூர் அண்ணன் சொன்னதுதான் நடந்தது. ஐ3-ஐப் போட்டுவிட்டு நின்றேன், நின்றேன், கடைக்காரர் காப்பி சொல்லி அது வந்தும் விட்டது. திரை வந்தும் சுட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. என் பைலைத் திறக்க வைத்தால் வெள்ளையாக மூஞ்சியைக் காட்டியது. ஏ8-இல் எல்லாம் சட்டென்று வந்துவிட்டது. விண்டோஸும் சரி, பைலும் சரி.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, சிரித்தார். நான் ஏ8-ஐ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒற்றைவாணலித் தம்பி மன்னிக்கணும்.

---

கோட்டையூரான் | திங்கள், இரவு 8.24

😀 நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

---

தேவகோட்டைஸ்க்ரூ | திங்கள், இரவு 9.30

ஆச்சி, பணம் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்றால் நாளைக்கு இன்னொரு நடை போங்கள். நீங்கள் இன்று சோதித்தது டிஸ்க்கை, பிராசஸரை இல்லை. ஐ3 சுற்றிக்கொண்டிருந்தபோது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். டிஸ்க் 100 சதவீதம், பிராசஸர் பத்து இருபதில் சும்மா உட்கார்ந்திருக்கும். மாவு வந்து சேராமல் வாணலிக்காரி என்ன செய்வாள்?

ஏ8-இல் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி ஐ3-யில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுமே சாட்டா, அளவும் ஒன்றுதான், பத்து நிமிஷ வேலை. முதல் தடவை "சாதனங்களைத் தயார் செய்கிறோம்" என்று கொஞ்ச நேரம் இழுக்கும். பயப்படாமல் விட்டுவிட்டு, ஒரு முறை அணைத்துப் போட்டபின் உங்கள் பைலைத் திறந்து பாருங்கள்.

கடைக்காரர் முறைத்தால் இருநூறு ரூபாய் கூலி தருகிறேன் என்று சொல்லுங்கள். வாங்கப்போகும் பொருளைச் சோதிக்க இருநூறு ரூபாய் அதிகமில்லை.

---

புதுவயல்நெல் | திங்கள், இரவு 10.10

அதோடு யூடியூபையும் ஓட்டிப் பாருங்கள் ஆச்சி. எங்கள் ரைஸ்மில் ஆபீஸில் ஏ8-7410 ஒன்று இருக்கிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9 போன்ற புது முறையில் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அந்த ஏ8-இன் கிராபிக்ஸ் பகுதிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, எல்லாம் பிராசஸர் தலையில் விழும். 1080-இல் வைத்தால் விசிறி நெல் அவிக்கிற பாய்லர் மாதிரி கத்தும். எச்264ஃபை என்று பிரவுசருக்கு ஒரு நீட்சி இருக்கிறது. அதைப் போட்டால் பழைய எச்.264 முறையில் வரும், சத்தம் அடங்கிவிடும். 720-க்குக் குறைத்தாலும் சரிதான், சொற்பொழிவுக்கு அது தாராளம்.

---

மாவுருண்டை | புதன், காலை 7.15

நேற்றே எழுதியிருக்க வேண்டும். முத்துமாரியம்மன் கோவில் திருவிழாக் கூட்டத்தில் ஊரே நகரவில்லை, வீடு வந்து சேரவே ராத்திரி ஆகிவிட்டது.

கடைக்காரர் முறைத்தார். இருநூறைக் காட்டியதும் கழற்றினார்.

ஏ8-இன் எஸ்எஸ்டியை ஐ3-யில் போட்டு, ஸ்க்ரூ அண்ணன் சொன்னபடி ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டுப் பைலைத் திறந்தேன். ஏ8-இல் திறந்ததைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீக்கிரம். ஊர் வாரியாக வரிசைப்படுத்தினேன். ஏ8-இல் அதைச் செய்தபோது சுட்டி வட்டமாகி, நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போடும்வரை சுற்றியது. இதில் கண்ணாடியைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பட்டியலை அழுத்தினால் அது விரிவதிலும் வித்தியாசம். ஏ8-இல் அழுத்தினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை அழுத்துவேன். இதில் அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஆனால் ஒன்று. பார்முலா எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட வைத்தபோது இரண்டும் ஏறத்தாழச் சமமாகத்தான் முடித்தன. அதில் கோட்டையூர் அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று, வாட்ஸ்அப், ஜிஎஸ்டி, எக்ஸெல், யூடியூப் எல்லாம் சேர்த்துத் திறந்ததும் ஐ3 திக்க ஆரம்பித்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், மெமரி 90-ஐத் தாண்டி நிற்கிறது. ஏ8 மெதுவாக இருந்தாலும் திக்கவில்லை.

இப்போது என்ன செய்வது?

---

ஒற்றைவாணலி | புதன், காலை 7.40

அது 4 ஜிபி ரேமின் வேலை. ஏ8-இல் இருக்கும் 8 ஜிபி ஒரே சீட்டா (ஒரே ரேம் துண்டா), இரண்டு நாலா? இரண்டு நாலு என்றால் உங்கள் விடை அந்த மேசைமேலேயே இருக்கிறது. அதில் ஒன்றைக் கழற்றி ஐ3-யின் காலி இடத்தில் போடச் சொல்லுங்கள். ஐ3 இரண்டு சீட்டையும் ஒரே நேரத்தில் இரட்டைத் தடத்தில் படிக்கும், அதன் எச்டி 5500 கிராபிக்ஸுக்கும் அது நல்லது. ஏ8-க்கு இரண்டு சீட்டு போட்டாலும் ஒரே தடம்தான், அதனால் அங்கே இடம் பெருகுமே தவிர வேகம் பெருகாது.

---

தேவகோட்டைஸ்க்ரூ | புதன், காலை 8.05

அதேதான். "எஸ்எஸ்டியும் ஒரு ரேமும் இந்தப் பக்கம், ஹார்ட் டிஸ்க் அந்தப் பக்கம், என்ன விலை சொல்கிறீர்கள்" என்று கேளுங்கள். அவருக்கும் நஷ்டம் இல்லை, சாமான் எல்லாம் கடைக்குள்ளேதான் இருக்கிறது. பேட்டரி போனதைச் சொல்லி ஐந்நூறு குறையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதல்லவா? சில இன்வெர்ட்டர் மாறும்போது கண்ணிமைக்கிற நேரம் கரண்டு விட்டுப் போகும். பேட்டரி இல்லாத லேப்டாப் அதில் அணைந்துவிடும். அதனால் நாலைந்து மாதத்தில் ஒரு பேட்டரி போட்டுவிடுங்கள். அதுவரை நிமிஷத்துக்கு ஒரு முறை சேவ் செய்யும் பழக்கம் நல்லது.

---

திண்ணைப்பேச்சு | புதன், காலை 9.00

ஆச்சி, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் பேரம் பேசுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி விலைக்கு வாங்கித் தருவார்கள்.

---

மாவுருண்டை | வியாழன், இரவு 9.10

முடிந்தது. ஐ3-5005யூ, 8 ஜிபி, 240 ஜிபி எஸ்எஸ்டி, 9,600 ரூபாய். அவர் பத்தாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தார். நான் பென் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன், கூப்பிட்டுவிட்டார். இருநூறு கூலியையும் அதிலேயே கழித்துவிட்டார், நல்ல மனுஷன்தான். ஸ்க்ரூ அண்ணன் சொன்னார் என்று பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். முறுக்கு வாசனை இல்லை. ஒரு சின்ன சிலந்தி மட்டும் இருந்தது. பேஸ்ட் மாற்றித் தந்தார்.

முகப்பில் மேசை போட்டு வைத்திருக்கிறேன், அடியில் இரண்டு பென்சில். மாமியார் சொற்பொழிவு கேட்டுவிட்டு, "விசிறி போடாமலே இது ஓடுதே" என்றார்கள். அவர்கள் பாஷையில் அது பாராட்டு.

---

கோட்டையூரான் | வியாழன், இரவு 9.45

சந்தோஷம் ஆச்சி. ஒரு கோர் வேகத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விலைக் கணக்கில் நான் இன்னும் விடவில்லை. கடைக்காரர் முதலில் சொன்ன விலைக்கே வாங்கியிருந்தால் ஏ8 எடுத்தவர்தான் புத்திசாலி. ஹார்ட் டிஸ்க்கோடு 9,000 கொடுத்து ஐ3 வாங்கிக்கொண்டு போனவர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு லாபம் வந்தது, சாமான் இரண்டும் ஒரே மேசையில் இருந்ததால்.

---

ஒற்றைவாணலி | வியாழன், இரவு 10.02

அதை மறுக்கவில்லை அண்ணே. எஸ்எஸ்டி போட வழியே இல்லை, இருப்பது இருக்கிறபடிதான் என்றால் நானும் ஏ8-தான் எடுத்திருப்பேன்.

---

கோட்டையூரான் | வியாழன், இரவு 10.20

ஆச்சி, அந்த ஏ8 இன்னும் கடையில் இருக்கிறதா? இப்போது 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க்தானே, விலை என்ன சொல்கிறார்? என்னிடம் சும்மா கிடக்கும் ஒரு எஸ்எஸ்டி இருக்கிறது. அப்பச்சிக்குப் பேப்பர் படிக்க, பினாங்கில் இருக்கும் தம்பியோடு வீடியோவில் பேச அது போதும்.

---

மாவுருண்டை | வெள்ளி, காலை 6.30

இருக்கிறது அண்ணே, கீழ்த்தட்டில், பிரிண்டருக்குப் பக்கத்தில். 6,000 சொன்னார், ஐந்தரைக்கு இறங்குவார் போலத் தெரிந்தது. பேட்டரி பரவாயில்லை. சார்ஜர் முள் மட்டும் கொஞ்சம் லூசாக இருக்கிறது, அசைத்துப் பார்த்து வாங்குங்கள். இன்று போகாதீர்கள், திருவிழாவுக்காகக் கடை மூடியிருக்கும். நாளைக்குக் காலை பத்து மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார்.